சும்மா ருசி பார்க்கத்தான், சுவாமி!



கர்த்தர் பிறந்த திருநாள் கிட்டி வந்துவிட்டது. குடில் கட்ட வைக்கோல் தேடுகிறீர்கள், அதிரசத்துக்கு மாவு அரைக்கிறீர்கள், பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுக்கிறீர்கள். இவற்றோடு வேறோர் ஆயத்தமும் சில வீடுகளில் நடக்கிறது. அதைப் பற்றி மட்டும் சுவாமியாரிடம் யாரும் வாய் திறப்பதில்லை. சமையலறை மூலையில் ஒரு ஜாடி. அதனுள் பன்னீர்த் திராட்சை, சீனி, ஈஸ்ட், கிராம்பு, பட்டை. வாயைத் துணியால் வேடு கட்டி மூன்று வாரம் வைத்துத் திருநாளுக்கு வடிக்கிறார்கள். அரக்கோணம், பெரம்பூர் போன்ற ரயில்வே ஊர்களில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் வழக்கம் இது. இன்று நம்மவரிலும் சிலர் செய்கிறார்கள். வாலிபர்களோ மாடியில் நாலு சிநேகிதரோடு கூடி, இந்தப் பீர் கசப்பு, அந்த ஒயின் துவர்ப்பு என்று தரம் பிரிக்கிறார்கள். கேட்டால் எல்லாரிடமும் ஒரே மறுமொழி: "குடிக்கவில்லை சுவாமி, சும்மா ருசி பார்த்தோம்."

திராட்சரசம் பாவமா? திருச்சபை ஒருக்காலும் அப்படிப் போதித்ததில்லை. கானாவூர்க் கலியாணத்தில் ஆறு கற்சாடித் தண்ணீரை நம் ஆண்டவர் இரசமாக்கினார். அதை ருசி பார்த்து நல்ல இரசமென்று சொன்னவன் பந்தி விசாரிப்புக்காரன் என்று அர்ச். அருளப்பர் எழுதி வைத்திருக்கிறார். தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்குக் கொஞ்சம் இரசம் சேர்த்துக்கொள்ளும்படி அர்ச். சின்னப்பர் புத்தி சொன்னார். ஆகையால் ஒரு வாய் இரசம் குடித்தவனைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு இழுத்து வருவதற்காக இதை எழுதவில்லை. அந்த "ருசி" என்ற சின்ன வார்த்தையைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அர்ச். அகுஸ்தினாரின் தாயாகிய அர்ச். மோனிக்கம்மாளைக் கேட்டுப் பாருங்கள். அவள் சிறு பெண்ணாயிருந்தபோது வீட்டுப் பீப்பாயிலிருந்து இரசம் மொண்டு வரும்படி பெற்றோர் அனுப்புவார்களாம். அடக்கமான பெண் என்று அவர்களுக்கு அவள்மேல் நம்பிக்கை. அவளோ பாத்திரத்தில் ஊற்றுமுன் உதட்டு நுனியால் ஒரு துளி தொட்டுப் பார்ப்பாள். ஆசையினால் அல்ல, சிறு வயதின் விளையாட்டுப் புத்தியினால் என்றே மகன் எழுதுகிறார். நாளுக்கு நாள் துளி துளியாய்க் கூடி, கடைசியில் ஏறக்குறைய நிறைந்த கிண்ணத்தையே குடிக்கிற மட்டுக்கும் வந்துவிட்டாள். தகப்பனுக்குத் தெரியாது, தாய்க்குத் தெரியாது. கூடப் போய்வந்த வேலைக்காரப் பெண் ஒரு நாள் சண்டையில் "குடிகாரி" என்று ஏசினாள். அந்த ஒரு சொல் ஊசியாய்த் தைத்தது, அன்றோடு விட்டாள். நம் வீடுகளில் "பிள்ளைக்கும் ஒரு மூடி ஊற்று, வீட்டு ஒயின்தானே" என்று சொல்லும் தாத்தாமார் இதைக் கவனிப்பார்களாக!

வீட்டு ஒயின்தானே என்பதும் சரியான கணக்கல்ல. ஈஸ்ட் சீனியைத் தின்று அதைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. எவ்வளவு மாறிற்று என்று அளக்க நம் அடுப்படியில் கருவி கிடையாது. கடையில் விற்கும் ஒயினில் நூற்றுக்கு 12 பங்கு அளவில் அந்தச் சத்து உண்டு. பீரில் 5 பங்கு என்று வைத்துக்கொண்டாலும் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுத்தச் சாராயம் 32 மில்லிக்குக் குறையாது. பிராந்தியோ 42.8 பங்கு, 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் 77 மில்லி. ஆகவே "பீர்தானே" என்று மூன்று பாட்டில் ருசி பார்த்தவன் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டான். அதன்பின் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பதி ரோட்டில் போகிறான். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சட்டப்படி குற்றம். உரிமமின்றி வீட்டில் மது வடிப்பதும், அனுமதியின்றி நகரிப் பக்கமிருந்து பாட்டில் கொண்டுவருவதும் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றந்தான். சட்டத்தின் சங்கதியை இதோடு விடுகிறேன்.

ஆத்துமத்தின் சங்கதிக்கு வருவோம். இரசம் தன்னிலே விலக்கப்பட்டதல்ல, ஆனால் நாலு காரணத்தால் ஒருவனுக்கு விலக்காகலாம் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தீர்க்கமாய் விளக்குகிறார்: குடிக்கிறவன் எளிதில் கெட்டுப்போகும் சுபாவமுள்ளவனாய் இருந்தால், குடிப்பதில்லையென்று வார்த்தைப்பாடு கொடுத்திருந்தால், அளவு மீறினால், பிறருக்குத் துர்மாதிரிகையானால். அளவு என்ற ஒன்றைத்தான் நாம் பேசுகிறோம். மற்ற மூன்றையும் மறந்துவிடுகிறோம்.

துர்மாதிரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 31 இரவு நம் ஊர் மலையில் 365 படிகளிலும் திருப்புகழ் பாடிக்கொண்டு ஜனங்கள் ஏறுகிறார்கள். புத்தாண்டுக்கு வெள்ளைக்காரத் துரைகளைக் கண்டு கும்பிடப் போகும் வழக்கத்தை மாற்றவென்று 1917-ல் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஏற்படுத்திய திருவிழா அது. அவர்கள் விசுவாசம் வேறு, நம் விசுவாசம் வேறு. ஆனாலும் அயலார் பாடிக்கொண்டு படியேறுகிற அதே இரவில், அடிவாரத்துத் தெருவில் கிறிஸ்தவ வாலிபன் ஒருவன் தள்ளாடி நடந்தால் அவர்கள் எதைப் பற்றிப் பேசுவார்கள்? அவனைப் பற்றியா, அவன் கழுத்தில் தொங்கும் சிலுவையைப் பற்றியா? "வேதக்காரர் வீட்டுப் பண்டிகை என்றால் பாட்டில்தான்" என்ற பேச்சு இந்த நாட்டில் சும்மா பிறக்கவில்லை.

இனி முதல் இரண்டு காரணங்கள். உங்கள் மாடியில் கூடும் அந்த நாலு பேரில் ஒருவன் எட்டு மாதமாய்த் தொடாதவனாயிருப்பான். வீட்டில் மனைவி நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாய்க் கிழித்து எண்ணிக்கொண்டிருப்பாள். அவனிடந்தான் சிரித்துக்கொண்டே நீட்டுகிறீர்கள்: "திருநாள்டா, ஒரு வாய்!" உங்களுக்கு அது ருசி. அவனுக்கு அது எட்டு மாதம். சகோதரன் இடறுவானானால் இரசம் குடியாதிருப்பதே நலமென்று அர்ச். சின்னப்பர் உரோமருக்கு எழுதியது இவனுக்காகத்தான்.

"சுவாமி, நீங்கள் தினமும் பூசையில் குடிக்கிறீர்களே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பூசைக்கு உரியது கலப்பற்ற திராட்சரசம். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கப்படுகிறது. ஆனால் குடிநோயில் விழுந்து எழுந்த குருக்கள் உலகத்தில் உண்டு. ஒரு மிடறுகூட அவர்களுக்கு ஆபத்து. அப்படிப்பட்டவர் மேற்றிராணியாரின் உத்தரவு பெற்று, புளித்தல் தடுக்கப்பட்ட புதுத் திராட்சைச் சாற்றைக்கொண்டு பூசை செய்யலாம் என்று உரோமாபுரியின் விசுவாசக் கோட்பாட்டுச் சபை 2003 சூலையில் வெளியிட்ட நிருபத்திலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. எண்ணிப் பாருங்கள்! பலவீனன் ஒருவனுக்காகத் திவ்விய பீடமே இடம் விடுகிறது. உங்கள் மாடிப் பாய் இடம் விடாதா? பானகமோ எலுமிச்சைச் சர்பத்தோ ஒரு குவளை முன்கூட்டியே அங்கே இருக்கட்டும். அவன் கேட்டபின் கடைக்கு ஆள் அனுப்பினால் அவன் வெட்கப்படுவான்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856-ல் பிறந்த மாத்தேயு டால்பட் என்ற கூலித் தொழிலாளியைச் சொல்லி நிறுத்துகிறேன். பன்னிரண்டு வயதில் மது வியாபாரி ஒருவரிடம் வேலைக்குப் போனான். அங்கே ருசி பார்த்தான். பதினாறு ஆண்டு எழுந்திருக்கவில்லை. கையில் காசிருந்தபோது சிநேகிதருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தவன். 1884-ல் ஒரு சம்பள நாள், காசில்லாமல் மதுக்கடையோரம் நின்றான். சிநேகிதர் ஒவ்வொருவராய் அவனைக் கடந்து உள்ளே போனார்கள். ஒருவனும் வா என்று கூப்பிடவில்லை. வீட்டுக்குத் திரும்பினான், அன்றே குருவானவரிடம் போய்க் குடிப்பதில்லையென்று வார்த்தைப்பாடு கொடுத்தான். 1925-ல் பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து மரித்தபோது அது இன்னும் முறியாமலிருந்தது. 1975-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

முதலில் அவர் கொடுத்த வார்த்தைப்பாடு மூன்றே மாதத்துக்குத்தான். அப்படி மூன்று மாதத்துக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் நடுச்சாமப் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு வரும்போது சொல்லலாம். கூட ஒரு சிநேகிதனையும் அழைத்து வாருங்கள்.