காட்டுவதும் காண்பதும்

எங்கள் வீட்டு கேட்டின் அகலம் 7 அடி. மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய தெருவீடுகளில், வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே கொல்லைக்குப் போக ஒரு சந்து இருக்கும். மாமா மாருதி 800 வாங்கியபோது அந்தச் சந்துக்குத்தான் மேலே ஷீட் போட்டு, தரைக்கு சிமெண்ட் பூசி, கார் ஷெட் ஆக்கினார். அந்த வண்டியின் அகலம் 144 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டேகால் அடி மிச்சம் இருந்தது. இப்போது நிற்பது ஸ்விஃப்ட். கண்ணாடிகளைச் சேர்க்காமலே 173.5 சென்டிமீட்டர். மிச்சத்தைப் பக்கத்துக்குப் பாதியாகப் பிரித்தால் ஒரு சாண்கூட வராது.

இதற்குள் ரிவர்ஸில்தான் விட வேண்டும். ஸ்டீயரிங்கை ஒடித்தால் திரும்புவது முன் சக்கரம். பின் சக்கரம் நேராகவே உருளும். அதனால் பின்னால் போகும்போது வண்டியின் பின்பக்கத்தை நினைத்த இடத்தில் வைத்துவிட்டு, மூக்கை அப்புறம் இழுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். தொல்லை என்னவென்றால், பின்பக்கம் உள்ளே நுழையும் அதே நேரத்தில் முன் மூலை எதிர்ப்பக்கமாக வீசும். ஓட்டுகிறவள் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆபத்து முன்னால் நடக்கும். நான்கு மூலையையும் ஒரே சமயத்தில் பார்க்கிற கண் யாருக்கும் கிடையாது. எனவே ஒருவர் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது அத்தை, என் மாமியார். அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

இன்னொருவர் சொல்லச் சொல்ல நான் செய்கிற காரியம் யாருடைய காரியம்? எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சைவ சித்தாந்தம் விடாமல் கேட்டுவரும் கேள்வி இது. அருள் என்று ஒன்று வந்து உதவினால் என் முயற்சிக்கு என்ன வேலை? முயற்சிதான் எல்லாம் என்றால் அருள் எதற்கு? வைணவத்தில் இதற்காகவே இரண்டு கட்சி இருக்கிறது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல உயிரும் பற்ற வேண்டும் என்பது வடகலை. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல இறைவனே கொண்டு சேர்ப்பான் என்பது தென்கலை. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் கேட்டு வாசலில் நிற்கும்போது இரண்டுமே எனக்குப் பொருந்தவில்லை. அத்தை வண்டியைத் தள்ளுவதில்லை. நானும் அவரைப் பிடித்துக்கொண்டு இல்லை. ஸ்டீயரிங், கிளட்ச், பிரேக் மூன்றும் என்னிடம். அப்படியும் அவர் இல்லாமல் வண்டி உள்ளே போகாது.

அத்தை எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனித்த பிறகுதான் இந்தக் கேள்விக்குள் எனக்கு வழி கிடைத்தது. என் கொழுந்தனார் நல்ல ஓட்டுநர். ஊருக்கு வந்தால் அவர்தான் பின்னால் நின்று கைகாட்டுவார். "வலது, வலது, இன்னும் வலது" என்பார். அவர் என்னைப் பார்த்து நிற்கிறார், நான் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்க்கிறேன். அவர் வலது எனக்கு இடது. எந்த வலது என்று நான் யோசிப்பதற்குள் சக்கரம் ஒரு சுற்று உருண்டுவிடும். அத்தை வலது, இடது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "கிணத்துப் பக்கம் ஒடி. போதும். இப்ப மதில் பக்கம் கொஞ்சம். வா… வா… நில்லு, மூக்கு இடிக்கப் போவுது." கிணறு எங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மதிலும் அப்படியே. இன்னொன்று: கொழுந்தனார் வண்டியைப் பார்ப்பார். அத்தை பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியும் என் முகத்தைப் பார்ப்பார். நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எது என் கண்ணுக்குத் தப்பியது என்பது அவருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும். தப்பியதை மட்டும் சொல்வார்.

வண்டியில் சென்சாரும் கேமராவும் இருக்கின்றன. 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். சுவர் நெருங்க நெருங்கச் சத்தம் வேகமாகி, கடைசியில் ஒரே கூவலாக நீளும். எங்கள் ஷெட்டில் கிணற்றடி வந்தால் கூவாமல் இருக்க அதற்கு வழியே இல்லை. கேமரா பின்னால் இருப்பதைத் துல்லியமாகக் காட்டும். நான் பயந்திருக்கிறேனா, கவனம் எங்கோ போயிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டைச் சித்தாந்த வகுப்பில் முதன்முதலாகக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞான போதம் 12 சூத்திரம், 40 அடி மட்டுமே. அதன் 11-ஆம் சூத்திரம் கண்ணை எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. ஆனால் உயிர் கூட நின்று காட்டாவிட்டால் திறந்த கண்ணும் எதையும் பார்க்காது. உயிர் கண்ணுக்குக் காட்டுகிறது, அதோடு சேர்ந்து தானும் காண்கிறது. அதுபோலவே இறைவன் உயிருக்குக் காட்டுகிறான், உடன் நின்று தானும் காண்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இதை இரண்டாகவே சொல்கிறார்கள். சூரியன் காட்டும், உடன் காணாது. கேமராவும் அந்த வகைதான்.

என் கேள்விக்கு இதில் ஒரு விடை இருப்பதாக நினைக்கிறேன். காட்டுவது மட்டும் உதவி என்றால், காட்டியவனுக்கு எவ்வளவு பங்கு, செய்தவனுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கணக்குக் கேட்கலாம். உடன் காண்பதில் பங்கு பிரிக்க முடியாது. அத்தை என் பார்வைக்குள் வந்து பார்க்கும்போது என் செயல் குறைவதே இல்லை. அப்போதுதான் அது முழுசாக என் செயல் ஆகிறது. தனியாக இருக்கும்போது பாதிக் கண்ணோடு, பாதி அனுமானத்தோடு ஓட்டுகிறேன். அவர் நிற்கும்போதுதான் தெரிந்து செய்கிறேன். உயிர் அறிவுள்ளது, ஆனால் அறிவித்தால்தான் அறியும் என்று சித்தாந்தம் சொல்வதைத் தாழ்வாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தாழ்வு தெரியவில்லை. அறிவே இல்லாத பொருளுக்கு யாரும் அறிவிக்க முடியாது. மதிலைப் பார்த்து யாராவது "கிணத்துப் பக்கம் ஒடி" என்பார்களா?

ஒரு இடத்தில் மட்டும் சாத்திரத்தோடு எனக்கு வழக்கு இருக்கிறது. ஒருநாள் என் கணவர் வண்டியை விடும்போது இடப்பக்கக் கண்ணாடி மதிலில் நெடுக உரசிக்கொண்டு போனது. அத்தை நில்லு என்று சொல்லத்தான் செய்தார். பிரேக் அவர் காலடியில் இல்லை. அந்தச் சத்தம் கேட்டபோது அத்தையின் தோள் சுருங்கியது, தன் மேலேயே உரசியதுபோல. உடன் காண்பது என்றால் இதையும் சேர்த்துத்தானே? இறைவன் என்னோடு நின்று என் துன்பத்தையும் காண்கிறான் என்றால் அவனுக்கு வலிக்குமா?

வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் பொறுமையானவர். காண்பான், ஆனால் தோய்வற நிற்பான், நுகர்ச்சி உயிருக்கே என்றார். இறைவனுக்கும் வலி உண்டென்றால் அவனும் கட்டுப்பட்டவனாகிவிடுவான், பிறகு கட்டறுப்பவன் யார் என்று திருப்பிக் கேட்டார். வாதம் சரியானது. அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் அதே சைவத்தில்தான் பிட்டுக்கு மண் சுமந்த கதையும் இருக்கிறது. பாண்டியன் ஓங்கிய பிரம்படி கூலியாளாக வந்த இறைவன் முதுகில் விழுந்து, அடித்தவன் உட்பட எல்லா உயிர் மேலும் பட்டது. காளத்தியில் கண்ணப்பர் முன் இறைவன் கண்ணிலிருந்துதான் ரத்தம் வந்தது. அவர் தம் இரண்டாவது கண்ணைத் தோண்டப் போனபோது நிற்கச் சொன்னதோடு விடவில்லை, கையைப் பிடித்தே நிறுத்தினான். தோய்வற நிற்பவன் அப்படிப் பிடிப்பானா? திருவிளையாடல் என்று சொல்லி இந்தக் கதைகளைச் சாத்திரத்துக்குக் கீழே வைப்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. வலிக்காமல் உடன் காண முடியும் என்று சாத்திரம் சொல்கிறது. அத்தையைப் பார்த்த நான் புராணத்தின் பக்கம் நிற்கிறேன்.