ஈகையா, ஒப்புரவா?

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23ஆம் அதிகாரம். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டையும் வள்ளுவர் ஒன்றாக்கவில்லை. ஈகையில் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. ஒப்புரவில் அந்த மேடுபள்ளம் இல்லை. ஊரோடு வாழ்கிறவர் ஊருக்குச் செய்தாக வேண்டியதைச் செய்கிறார். அரசு ஏழைக்குத் தருவது இவற்றில் எது? இதை உரசிப் பார்க்க மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்கள் நல்ல கல்.

ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் பக்கமும் இருந்த தோட்டங்களில் லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில் என எல்லாம் வேலிக்குள்ளேயே இருந்தன. ஆனால் ஒப்பந்தம் தோட்டத்து நிர்வாகத்தோடுதான், அரசோடு அல்ல. பால்வெட்டு போனால் வீடும் போகும். 1950களில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் துண்டாடல் தொடங்கியபோதும், பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், வீடமைப்புக்கு நிலம் கைமாறியபோதும் பலருக்கு நேர்ந்தது இதுவே. சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் போட்ட பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்க வைத்தார். அசல் ஒப்புரவு அது. கூலிக்காரரே காசு போட்டுத் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

அரசு ஏன் தர வேண்டும், ஊழியர் சேமநிதி 1951இலேயே வந்துவிட்டதே என்பார்கள். அது அவரவர் சம்பளத்தின் நிழல். சம்பளம் குட்டையென்றால் நிழலும் குட்டை. குறைந்தபட்சச் சம்பளமே 2013இல்தான் நடப்புக்கு வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். உதவி கொடுத்தால் கையேந்தும் பழக்கம் வரும் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ஆனால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ தரும் விபத்து இழப்பீட்டை எந்தத் தொழிலாளியும் பிச்சையாக நினைப்பதில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, சந்தாவும் போயிருக்கிறது. 2012இல் பிரிம் என்று தொடங்கிய ரொக்க உதவியோ ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாற்றிக்கொண்டது. பெயரே நிலைக்காத ஒன்றை உரிமை என்று யார் நம்புவார்? கையேந்த வைப்பது தொகையல்ல, கொடுக்கும் விதம். மலாய்க்காரரின் கம்பத்திலும் சீனரின் புதுக்கிராமத்திலும் ஏழைகள் இல்லையா, தோட்டத்தாருக்கு மட்டும் ஏன் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அதனால்தான் இனம் பாராமல், முதுமையில் எல்லோருக்கும் வரிப்பணத்திலிருந்து ஓய்வூதியம் வேண்டும் என்கிறேன். அதையும் சட்டமாக எழுத வேண்டும். காலமெல்லாம் பால் வெட்டியவருக்கு அது சலுகையல்ல, வர வேண்டிய பாக்கி.