மௌனம் இன்மை ஆகுமா?

தென்படாத ஒன்றை இல்லாத ஒன்றாகக் கொள்ளலாமா என்னும் வினாவைத் தத்துவ நூலோர் ‘அபாவம்’ என்னும் அளவையின்கீழ் ஆராய்ந்தனர். அளவை என்பது உண்மையை அறிதற்குரிய வாயில். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்த ஞானப்பிரகாசர் உரை கண்ட சைவசித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார், அபாவத்தையும் பிறவற்றையும் எண்ணிக் காட்டி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. மீமாஞ்சகர் என்னும் தத்துவ நெறியினர் அபாவத்துக்கு ஒரு வரம்பு வகுத்தனர்: வெளிச்சமுள்ள அறையிற் குடம் தென்படாவிடின் குடம் இல்லை எனலாம், இருட்டறையில் அவ்வாறு சொல்ல இயலாது.

இவ்வினா அமெச்சூர் வானொலியாளரின் வலையமைப்பில் நாள்தோறும் எழுகிறது. 1981இல் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட, 44 என்னும் எண்ணில் தொடங்கும் இணைய முகவரித் தொகுதியில், வானொலி வலையையும் பொது இணையத்தையும் இணைக்கும் கணினி ‘நுழைவாயில்’ எனப்படும். தரவுப் பொதிகள் எந்த நுழைவாயில் வழியே செல்லவேண்டும் என்று வகுப்பது வழிப்படுத்தல். செயலிழந்த வாயிலுக்கு அனுப்பிய பொதிகள் வீணே தொலைவதால், அவ்வழியை அட்டவணையிலிருந்து நீக்குவது வலையமைப்பு நிர்வாகியின் கடமையே. ஆயினும் சோதனைப் பொதிக்கு மறுமொழி வராமைக்குப் பாதுகாப்பு அரண் அதைத் தடுத்ததோ, மின்தடையோ, மாறிய முகவரியோ காரணமாகலாம் என்பதால், நிர்வாகி நிற்பது பெரும்பாலும் இருட்டறையிலேயே.

மறுமொழி தர இயலாமையின் பொருளை இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாடு பட்டறிந்தது. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் நின்றுபோன யாழ்தேவி தொடருந்து, 2014 ஒக்டோபரிலேதான் யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் அடைந்தது. போர்க்காலத்தில் மின்சாரமும் தொலைபேசியும் நெடுங்காலம் அற்றிருந்தன. அந்நாட்களில் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையாற் சுழற்ற, சில்லை உரசிச் சுழலும் டைனமோவின் மின்சாரத்தில் வீட்டார் பி.பி.சி. தமிழோசை வானொலியைக் கேட்டனர். வெளியுலகின் குரல் அவர்களை எட்டியது. அவர்களின் மறுமொழிக்குத்தான் வழியில்லை.

இவ்வாறே, உடல், புலன் முதலிய கருவிகள் கூடாத கேவல நிலையில் உயிர் அறிவும் செயலுமின்றி, அறிவை மறைக்கும் ஆணவ மலத்துள் அழுந்திக் கிடப்பினும் அது இல்பொருள் ஆவதில்லை என்பது சைவசித்தாந்தத் துணிபு. அத்துணிபின்படி, செயலிழந்த வாயிலின் வழியை நீக்குவது இன்றைய நிலை பற்றிய தீர்ப்பு. அதன் முகவரியைப் பறிப்பதோ இருப்பைப் பற்றிய தீர்ப்பு. முன்னதற்கு மறுமொழியின்மை போதும். பின்னதற்கு, உரியவரை வேறு வழிகளில் தேடி விசாரித்த பின்னரே நிர்வாகி உரிமை பெறுகிறார்.