பூட்டாத கதவு

நல்ல மனம் படைத்த ஒருத்தி தெரிந்தே ஒரு குற்றம் செய்தால், மனத்தின் நன்மை அந்தக் குற்றத்தைக் கழுவிவிடுமா? 'பிரிஸன் பிரேக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து முடித்த நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2005ஆம் ஆண்டில் ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர் அது. எல்லோரும் கொண்டாடுவது சிறையிலிருந்து தப்பும் கதாநாயகனை. எனக்கோ அந்தச் சிறையின் டாக்டர் ஸாரா டான்கிரெடிதான் மனத்தில் நிற்கிறாள்.

ஸாரா இல்லினாய் மாநில கவர்னரின் மகள். ஒரு காலத்தில் மார்பினுக்கு அடிமையாகி, மீண்டவள். தகப்பனாரின் செல்வாக்கில் சுகமாக இருக்கலாம். இருந்தும் ஃபாக்ஸ் ரிவர் சிறையில் கைதிகளுக்கு மருத்துவம் பார்க்கிறாள். அவளிடம் வருகிறான் மைக்கேல் ஸ்கோஃபீல்டு. செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற அண்ணனை மீட்க, தானே குற்றம் செய்து சிறைக்குள் வந்தவன். அவனுக்கு நீரிழிவு இல்லை. இருப்பதாகச் சொல்லி நாள்தோறும் அவள் கையால் இன்சுலின் போட்டுக்கொள்கிறான். தப்பும் வழி அவளுடைய மருத்துவ அறை வழியாகப் போகிறது என்பதுதான் காரணம். காந்தியடிகளின் பெயரால் வழங்கும் ஒரு வாசகத்தைச் சொல்லி, முதல் சந்திப்பிலேயே அவள் உள்ளத்தையும் தொட்டுவிடுகிறான்!

சிறைக் கைதி டாக்டரிடம் சொல்லும் பொய்யைச் சின்னப் பொய் என்று எண்ணிவிடாதீர்கள். 1973இல் டெக்ஸாஸ் சிறையில் ஒரு கைதியின் மேல் பஞ்சுப் பொதி விழுந்தது. முதுகு வலிக்கிறது என்று வேலைக்குப் போக மறுத்தவனைத் தண்டித்தார்கள். அவன் தொடுத்த வழக்கில்தான், கைதியின் கடும் நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது அரசியல் சட்டம் தடை செய்த கொடுந்தண்டனையே என்று 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. தத்துவம் வென்றது, டாக்டர்மீது அவன் சொன்ன குற்றச்சாட்டு மட்டும் நிற்கவில்லை. சிறைப்பட்டவனின் வலியை உலகம் நம்புவது அத்தனை அருமை. பொய் நோயாளி ஒருவன் பிடிபட்டால், அவனுக்குப் பின்னால் நிற்கும் மெய் நோயாளிகள் எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள்.

ஸாரா முதலில் நேர்வழியில்தான் போனாள். வழக்கின் கட்டுகளைப் படித்தாள். தகப்பனாரிடம் மன்றாடினாள். கவர்னர் இரங்கவில்லை. அப்புறம்தான் மைக்கேல் உண்மையைச் சொல்லி, மருத்துவ அறைக் கதவைப் பூட்டாமல் விட்டுவிடும்படி கேட்கிறான். அன்று இரவு அவள் பூட்டாமலே போய்விடுகிறாள். வீட்டுக்குப் போய், விட்டொழித்த மார்பினை மறுபடி ஏற்றிக்கொண்டு சாவின் வாசல் வரை போகிறாள்.

குற்றமற்ற ஒருவனுக்காகத் திறந்த கதவு. ஆனால் அதன் வழியே வெளியேறியவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஒருவன் ஈவிரக்கமற்ற கொலைகாரன். தப்பும்போது வெட்டுண்ட அவன் கையை ஒரு கால்நடை மருத்துவர் தைத்துவிடுகிறார். தைத்த மருத்துவரையே அவன் கொன்றுவிடுகிறான். ஒரு டாக்டரின் கருணை திறந்த கதவு, இன்னொரு மருத்துவரின் உயிரைக் குடித்துவிட்டது!

அவளைக் குறை கூற எனக்கென்ன யோக்கியதை? என் உறவினர் ஒருவருக்காக, தெரிந்தவரைப் பிடித்து வரிசையை மீறி ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கியிருக்கிறேன். அன்று பின்னுக்குத் தள்ளப்பட்டவர் யார் என்று நான் கேட்கவே இல்லை. அன்பு செய்ததாகவே நினைத்துப் பெருமைப்பட்டேன். கதைகளிலும் அப்படித்தான்: காதலுக்காகக் கதவைத் திறந்துவிடும் கதாநாயகிகளைப் படைத்து, கதவு திறந்ததும் 'முற்றும்' போட்டிருக்கிறேன். அப்புறம் அந்த வாசலில் யார் யார் நுழைந்தார்கள், யார் யார் வெளியேறினார்கள் என்பதை எழுதவில்லை.

அப்படியானால் அவள் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்க வேண்டுமா? அப்படியும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிரபராதி ஒருவன் மின்சார நாற்காலிக்குப் போகிறான் என்று அறிந்தபின், சாவியைத் திருப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவளை நான் டாக்டர் என்று ஒப்பமாட்டேன். செய்யாமல் இருக்க முடியாத காரியமும் குற்றமாக இருக்கலாம். அவசியம் குற்றத்தை அழிப்பதில்லை. செய்தவர் தலையில் அதைக் கடனாக ஏற்றிவைக்கிறது.

கடனை எப்படித் தீர்ப்பது என்பதுதான் கேள்வி. ஊசியால் தீராது. அது கடன்காரன் ஊரைவிட்டு ஓடுவது போன்றது. பிற்பாடு, சகோதரர்கள் இருவரும் தப்பிப் போக வழிவிட்டு, ஸாரா தானே போலீஸிடம் சரணடைகிறாள். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். பின்னர் விடுதலையானாள் என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. விடுதலை வரும் என்று தெரியாமலே கையை நீட்டினாளே, அதுதான் பெரிது.

பிறருக்காகப் பூட்டைத் திறந்தவள், தனக்கொரு பூட்டு விழும் என்று அறிந்தே வந்து நின்றாள். அந்த இடத்தில் என் தலை தானாகத் தாழ்கிறது. வரிசையில் யாரையோ பின்னுக்குத் தள்ளிய நான், இன்னும் எங்கும் போய் நிற்கவில்லை.