திருத்தும் கை எங்கே நிற்க வேண்டும்?

பிறர் எழுதியதைத் திருத்துவது இலக்கணம் கற்றவரின் வேலை என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். பிழையைக் காண்பதற்கு இலக்கணம் போதும். ஆனால், கண்ட பிழையை யார் நீக்குவது, எப்போது நீக்குவது, எழுதியவரின் மனம் குன்றாமல் அதை எவ்வாறு சொல்வது என்னும் வினாக்களுக்கு இலக்கண நூலில் விடை இல்லை. அவை நீதியையும் அன்பையும் சார்ந்த வினாக்கள். மாணவரும் ஆசிரியரும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதக் கணினி வழி செய்துவிட்ட இக்காலத்தில், இவ்வினாக்கள் முன்னிலும் கூர்மையாக நம்முன் நிற்கின்றன.

கூகுள் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ‘ரைட்லி’ என்னும் இணைய எழுதுகருவியை விலைக்கு வாங்கி, அதிலிருந்து ‘கூகுள் டாக்ஸ்’ என்பதை உருவாக்கியது. ஓர் ஆவணம் ஒருவரது கணினிக்குள் அடைபட்டுக் கிடக்காமல் இணையத்தில் இருக்கும். அழைக்கப்பட்டவர் எவரும் எங்கிருந்தும் அதைத் திறக்கலாம். இத்தகைய பகிர்வு ஆவணத்தில் திருத்துபவருக்கு மூன்று வழிகள் உண்டு. மாணவரின் வரியை நேரடியாகவே மாற்றி எழுதலாம். வரியைத் தொடாமல், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். மூன்றாவது, 2014ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட ‘பரிந்துரை’ முறை. இதில் ஆசிரியர் செய்யும் மாற்றம் வேறு நிறத்தில் தோன்றும். நீக்கிய சொல் குறுக்குக்கோட்டுடன் அங்கேயே நிற்கும். மாணவர் அதைப் பார்த்து, ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம்.

இம்மூன்று வழிகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு வெறும் தொழில்நுட்ப வேறுபாடன்று. முதல் வழியில் ஆசிரியர் மாணவரின் இடத்தில் தாமே அமர்ந்துகொள்கிறார். மற்ற இரண்டிலும் அவர் பக்கத்தில் அமர்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மாணவி, “மரங்கள் விழுந்தது” என்று எழுதுகிறாள். அதை “விழுந்தன” என்று மாற்ற ஆசிரியருக்கு ஒரு நொடி போதும், வரி சரியாகிவிடும். ஆனால் அடுத்த வாரம் அவள் “பறவைகள் பறந்தது” என்று எழுதுவாள். மாறாக, ஓரத்தில் “விழுந்தது ஒரு மரமா, பல மரங்களா?” என்று கேட்டு விட்டுவிட்டால், அவளே திரும்பி வந்து தன் வரியைப் பார்ப்பாள். முதல் முறையில் கட்டுரை திருந்தியது. இரண்டாவதில் எழுதுபவள் வளர்ந்தாள்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. “மழை பெய்ததால் அப்பா வேலைக்குப் போகவில்லை. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை” என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. அழகுணர்ச்சி மிக்க ஆசிரியர் ஒருவர் அதை, “கனமழையின் விளைவாக வறுமை எங்களை வாட்டியது” என்று மாற்றுகிறார். பிழை ஏதுமில்லாத இடத்தில் திருத்தம் நடந்துள்ளது. அந்த வீட்டின் எரியாத அடுப்பு அவிந்ததோடு, அதைக் கண்ட கண்ணும் மறைந்துவிட்டது. “நீ கண்டதை நீ கண்டபடி சொன்னால் போதாது” என்ற பாடத்தையே அப்பிள்ளை கற்றுக்கொள்ளும். உதவி என்ற பெயரில் நிகழும் இப்பறிப்பைக் குறித்து நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

கூடி எழுதுவது கணினியோடு பிறந்த வழக்கமன்று. இத்தாலியில், பிளாரன்ஸ் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த பார்பியானா என்னும் மலைச் சிற்றூருக்கு 1954ஆம் ஆண்டில் அனுப்பப்பட்டவர் அருட்தந்தை லொரென்சோ மிலானி. அங்கிருந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளி நடத்தினார். ஏழைப் பிள்ளைகளைத் தோல்வியுறச் செய்து வெளியேற்றும் கல்வி முறையைக் கேள்விக்குட்படுத்தி அப்பள்ளி மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூல் 1967 மே மாதம் வெளிவந்தது. சில வாரங்களில், ஜூன் 26 அன்று, மிலானி தமது 44ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவரது கல்லறையில் செபிக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று அம்மலைக்கு வந்தார்.

அம்மாணவர்கள் எழுதிய முறை நம் கவனத்திற்குரியது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத் துண்டுத்தாள்களில், தாளுக்கு ஒரு கருத்தாக எழுதினர். தாள்களையெல்லாம் பெரிய மேசையில் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து, திரும்ப வந்தவற்றை நீக்கி, வரிசைப்படுத்தினர். பிறகு ஒவ்வொரு வரியிலும் வேண்டாத சொல் எது, பொய்யான சொல் எது, கடினமான சொல் எது என்று தேடிக் களைந்தனர். இறுதியில், அதிகம் படிக்காத வெளியாரை ஒருவர் பின் ஒருவராக அழைத்து வாசிக்கச் செய்தனர். தெளிவுக்காக அவர்கள் சொன்ன யோசனைகளை ஏற்றனர். எச்சரிக்கைக்காகச் சொன்னவற்றை விலக்கினர். இன்றைய பகிர்வு ஆவணத்தில் உள்ள குறிப்பு, பரிந்துரை, ஏற்பு, மறுப்பு ஆகிய அனைத்தும் அந்த மேசைமேல் ஏற்கெனவே இருந்தன. கருவி இல்லாமலே அது நடந்ததற்குக் காரணம், அங்கே மறுக்கும் உரிமை மாணவரிடம் இருந்தது என்பதே.

கருவி இருந்தும் இது நடவாமல் போகக்கூடும். பகிர்வு ஆவணம் ஆசிரியருக்குப் பேராற்றல் தருகிறது. மாணவர் தட்டச்சு செய்யும்போதே, எழுத்து எழுத்தாக, அவர் அதைக் காணலாம். தவறு செய்யும் கணத்திலேயே குறுக்கிடலாம். ஆனால் கோதுமையும் களையும் சேர்ந்து வளர்ந்த வயலைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை இங்கே நினைவுக்கு வரவேண்டும். களையை உடனே பிடுங்க வேலையாள்கள் விரைந்தனர். கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படும் என்று நிலக்கிழார் தடுத்தார். முதல் வரைவில் ஒவ்வொரு சந்திப்பிழையையும் பிடுங்கி எறியும் ஆசிரியர், முளைவிடும் சிந்தனையையும் வேரோடு எடுத்துவிடுகிறார். முதல் வாசிப்பில் பொருளையும், அடுத்ததில் வரிசையையும், கடைசியில் எழுத்துப்பிழையையும் பார்ப்பதே பொறுமையுள்ளவரின் வழி.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் மற்றொரு நெறியைக் கற்பிக்கிறது. சகோதரரின் குற்றத்தை முதலில் தனிமையில் எடுத்துரைக்க வேண்டும். சபைக்குக் கொண்டுசெல்வது கடைசிப் படி. எழுத்துப்பிழை பாவமன்று; ஆயினும் பிழை வெளிப்படும்போது உண்டாகும் நாணம் உண்மையானது. வகுப்பு முழுவதும் பார்க்கும் ஆவணத்தில் ஒரு பிள்ளையின் குறையைக் குறிப்பதும், அவனை மேசைமேல் ஏற்றி நிற்க வைப்பதும் ஏறத்தாழ ஒன்றே. யார் யார் பார்க்கலாம் என்று வரையறுக்கும் வசதி அக்கருவியிலேயே உண்டு. அதைப் பயன்படுத்துவது அன்பின் கடமை.

அப்படியானால், பலர் கைபட்ட எழுத்து யாருடையது? உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில், பவுலுக்காக அதை எழுதிய தெர்த்தியு தம் பெயரைச் சொல்லியே வாழ்த்துக் கூறுகிறார். எழுதிய கை மறைக்கப்படவில்லை. திருமுகமும் பவுலுடையதாகவே நிற்கிறது. உதவி பெறுவது இழுக்கன்று. பெற்ற உதவியை மறைப்பதே பொய். 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்ட கணமே முழுக் கட்டுரையையும் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவர் கைக்கு எட்டிவிட்டதால், இந்நேர்மை முன்னிலும் இன்றியமையாததாகிறது. பகிர்வு ஆவணம் தன் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கிறது. ஒரு கட்டுரை வரி வரியாக வளர்ந்ததா, ஒரே கணத்தில் வந்து விழுந்ததா என்பதை அது பெரும்பாலும் காட்டிவிடும். அதைக் குற்றவாளியைப் பிடிக்கும் கண்ணியாக மட்டும் வைத்துக்கொள்வது வீண். மாணவரோடு அமர்ந்து, “பார், இங்கே தொடங்கினாய், இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்” என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் தந்தை வேலையிலிருந்து திரும்பிய பின்னரே கிடைக்கும் என்ற நிலையில் உள்ள பிள்ளைகளை இப்புதிய வழி பின்தள்ளிவிடக் கூடாது. அவர்களுக்குப் பார்பியானாவின் துண்டுத்தாள்களும் பெரிய மேசையும் இன்றும் போதும்.

பெற்றோர், ஆசிரியர், மறைக்கல்வி கற்பிப்போர் என நம்மில் பலர் இளையோரின் எழுத்தைத் திருத்தும் பொறுப்பில் இருக்கிறோம். திருத்தி முடித்ததும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: இதைக் கையில் வாங்கும் பிள்ளை, “இது நான் எழுதியது” என்று கூசாமல் சொல்ல முடியுமா? முடியுமானால், நம் கை நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருக்கிறது.