சித்திரகுப்தன் ஏடும் படைவீரனின் விடுவிப்பு ஏடும்

படைப்பணியிலிருந்து விடுவிக்கப்படும் வீரனிடம் அவனுடைய பணிக்காலத்தின் சுருக்கமாக ஓர் ஏடு கையளிக்கப்படுகிறது. முன்னாள் படைவீரர்கள் ‘டிஸ்சார்ஜ் புக்’ என்றே வழங்கும் இந்த விடுவிப்பு ஏட்டில் அவனுடைய எண், பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள், நடத்தை பற்றிய மதிப்பீடு, பெற்ற பதக்கங்கள் ஆகியவை பதியப்பட்டிருக்கும். கடல் கடந்து பணியாற்றிய காலமோ அதற்குரிய பதக்கமோ இந்த ஏட்டில் விடுபட்டுப்போகுமானால், அதைச் சேர்க்கும்படி வீரன் மனுச் செய்ய வேண்டியிருக்கிறது. பயனை எதிர்பாராமல் கடமையைச் செய்க என்று போதிக்கும் சமய மரபில் வளர்ந்த ஒருவன் இவ்வாறு மனுச் செய்வது தகுமா என்ற கேள்வி, அலுவலக நடைமுறை பற்றியதுபோலத் தோன்றினாலும், வினைக்கும் அதைச் செய்தவனுக்கும் உள்ள உறவைப் பற்றிய பழைய கேள்வியே ஆகும். மனிதரின் செயல்களை எழுதிவைக்கும் தெய்வத்துக்கென்று தனிக்கோயில் கொண்டதும், சைவ வைணவ ஆசிரியர்கள் வினையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்ததுமான காஞ்சிபுரம் அந்தக் கேள்வியை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான ஊர்.

இந்தியத் தரைப்படையில் வீரன் ஒவ்வொருவனுக்கும் ‘ஷீட் ரோல்’ எனப்படும் பணிப்பதிவேடு உண்டு. இடமாற்றம், திருமணம், குழந்தைப் பேறு, பதவி உயர்வு போன்ற நிகழ்வுகள் ‘பார்ட்-டூ ஆர்டர்’ என்னும் ஆணையாக வெளியிடப்பட்ட பின்னரே அந்தப் பதிவேட்டில் ஏறும். ஆணை வெளியாகாத நிகழ்வு, ஏட்டைப் பொறுத்தவரை, நிகழாத ஒன்றே. வீரன் தன் சொந்தப் பிரிவை விட்டு வேறொரு பிரிவோடு தற்காலிகமாக இணைக்கப்பட்டுக் கடல் கடந்து சென்றிருந்தால், அழைத்துச்சென்ற பிரிவின் நாட்குறிப்பில் அவன் இருப்பான், தாய்ப்பிரிவின் ஆணையில் இல்லாமல் போவான். பிழையைத் திருத்த வேண்டிய இடம் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரனுக்கு அது நீலகிரியின் வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரனுக்குப் பெங்களூரிலும் இருக்கிறது. அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். வெளிநாட்டுப் பணிக்கென 1960இல் ஏற்படுத்தப்பட்ட ‘விதேஷ் சேவா’ பதக்கமும், எந்த நாட்டில் பணியாற்றினான் என்பதைக் காட்டும் உலோகப் பட்டையும் இத்தகைய மனுக்களில் கோரப்படுவன.

இனி, சமயம் எழுப்பும் தடையை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். காஞ்சியில் கல்வி பயின்று வரதராசப் பெருமாளுக்குத் தொண்டு புரிந்த இராமாநுசர், தம் கீதை உரையில் தியாகத்தை மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறார்: வினையின் பயனைத் துறத்தல், வினை என்னுடையது என்ற எண்ணத்தைத் துறத்தல், வினையைச் செய்தவன் நானே என்ற எண்ணத்தைத் துறத்தல். காஞ்சியை அடுத்த தூப்புல்லில் பிறந்த வேதாந்த தேசிகரின் வழியிலும் இந்த மூவகைத் துறவு ‘சாத்துவிகத் தியாகம்’ என்ற பெயரில் அன்றாட வழிபாட்டின் தொடக்கத்திலேயே நினைவுகூரப்படுகிறது. இந்த அளவுகோலின்படி நோக்கினால், பதக்கம் கேட்பவன் பயனையும், அது தன் பதக்கம் என்பதால் உரிமையையும், தானே போரிட்டதாகச் சொல்வதால் செய்பவன் என்ற எண்ணத்தையும் ஒருசேரப் பற்றிக்கொண்டிருக்கிறான் என்று முடிவுகட்டத் தோன்றும்.

அந்த முடிவு அவசரமானது என்பதை நெல்லுக்காரத் தெருவிலுள்ள சித்திரகுப்தர் கோயில் உணர்த்துகிறது. எமனின் கணக்கரான இத்தெய்வம் ஒரு கையில் ஏடும் மற்றொரு கையில் எழுத்தாணியும் ஏந்தி அமர்ந்திருக்கிறது; வாளோ சூலமோ இல்லை, எழுதுகருவியே படைக்கலம். சித்திரைப் பௌர்ணமியன்று இல்லங்களில் ஏடும் எழுத்தாணியுமாக அவருடைய உருவத்தைக் கோலமாக இட்டு, புதிய நோட்டையும் பேனாவையும் வைத்து வழிபட்டு, உப்பில்லாத உணவு உண்டு நோன்பு காப்பது வழக்கம். அன்று மக்கள் வைக்கும் வேண்டுதல் ஆழ்ந்து நோக்கத்தக்கது: மலையளவு செய்த பாவத்தைக் கடுகளவாகவும், கடுகளவு செய்த புண்ணியத்தை மலையளவாகவும் எழுதும்படி அவர்கள் கணக்கரிடம் கேட்கிறார்கள். பக்தியின் நோக்கில் இது கருணையை நாடும் விண்ணப்பம். கணக்கின் நோக்கில் பொய்யை எழுதச் சொல்வது. படைவீரனின் மனு இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. மலையை மலையாகவும் கடுகைக் கடுகாகவும் எழுதுமாறு மட்டுமே அவன் கேட்கிறான். தெய்வத்திடம் சலுகை கேட்பதைக் குறையாகக் கருதாத சமூகம், அலுவலகத்திடம் உண்மையைக் கேட்பவனைப் பற்றுடையவன் என்று பழிப்பது முறையாகாது.

தெய்வத்தின் ஏட்டில் பிழை இல்லையென்றால் மனித ஏட்டைத் திருத்துவது எதற்கு என்று அடுத்துக் கேட்கலாம். காஞ்சியில் வாழ்ந்து காஞ்சிப் புராணத்தையும் சிவஞான மாபாடியத்தையும் இயற்றிய சிவஞான முனிவர் விளக்கிய சைவ சித்தாந்தக் கொள்கை இதற்கு வழிகாட்டுகிறது. வினை சடப்பொருள், அதாவது அறிவற்றது. தன்னைச் செய்தவன் யார் என்பதை அது அறியாது, தானாக நடந்துசென்று அவனைச் சேரவும் மாட்டாது. ஆகவே வினையின் பயனை உரியவனிடம் கூட்டுவிக்க அறிவுடைய முதல்வன் ஒருவன் வேண்டும் என்று சித்தாந்தம் வாதிடுகிறது. மனித வினைகளின் இயல்பு இதுவானால், அரசு ஏவிய வினைகளுக்கு அந்த இயல்பு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வீரனை அனுப்பியது அரசு, எங்கே அனுப்பினோம் என்று அறிந்ததும் அரசு, எனவே வினையை வினையாளனோடு சேர்த்து எழுதும் கடமையும் அரசுக்கே உரியது. தெய்வத்தின் கணக்கு சரியாக இருப்பது மனிதக் கணக்கரின் கடமையைக் குறைப்பதில்லை.

பெயரைப் பொறிக்காத உழைப்பு காஞ்சியில் எத்தனையோ உண்டு என்று எவரேனும் மறுக்கலாம். கைத்தறிப் பட்டுச் சேலையில் நெய்தவர் பெயர் இருப்பதில்லை. உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் பிணைந்து நிற்கும் கோர்வைச் சேலையை மூன்று நாடாக்கள் கொண்டு நெய்தவர்கள் கையெழுத்திடாமலே அதை ஒப்படைக்கிறார்கள். எனினும் அதே நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கணக்கில், பாவு வாங்கிய நாள், எடைபோட்டுப் பெற்ற ஜரிகை, சேலை ஒப்படைத்த நாள், கூலி ஆகியவை சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் எழுந்துபோகிறார். புகழைத் துறந்தவர் கணக்கைத் துறப்பதில்லை, துறக்கவும் கூடாது. மேலும், நெசவாளரின் உழைப்புக்குச் சேலையே கண்முன் நிற்கும் சாட்சி. போர்ப்பணியோ முடிந்த கணமே மறைந்துபோகும் வினை. காவல் நின்ற இரவுக்கும் கடந்த கடலுக்கும் ஏட்டிலுள்ள ஒரு வரியைத் தவிர வேறு உடம்பு கிடையாது.

தமிழ்ச் சமய இலக்கியத்தில் படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுள் முதன்மையானவர் சிறுத்தொண்ட நாயனாராகிய பரஞ்சோதியார். அவர் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை வென்று யானையும் குதிரையும் மணியும் கொணர்ந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். மன்னர் பெயரை அவர் குறிக்காவிட்டாலும், 642ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கைப்பற்றிய பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனே அம்மன்னர் என்று வரலாற்றாய்வாளர் கொள்கின்றனர். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு, புறங்காட்டி ஓடிய சாளுக்கிய மன்னன் புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு நரசிம்மவர்மன் வெற்றி என்ற எழுத்துக்களைப் பொறித்ததாகப் பெருமிதத்தோடு பாடுகிறது. ஆனால் அந்தச் செப்பேட்டில் பரஞ்சோதி என்ற பெயர் இல்லை. வெற்றியை எழுதியவன் அரசன் ஒருவனே என்பதுதான் அரசாவணத்தின் கூற்று.

சேக்கிழார் சொல்லும் விடுவிப்புக் காட்சியில் நிகழ்ச்சிகள் அடுக்கப்பட்ட வரிசை மிக முக்கியமானது. அரசன் முதலில் படைத்தலைவரின் செயலை வெளிப்படையாகப் பாராட்டுகிறான். அவர் சிவனடியார் என்பதை அமைச்சர்கள் சொல்லக் கேட்டு, அடியாரைப் போர்முனைக்கு ஏவிவிட்டதற்கு வருந்தி மன்னிப்புக் கேட்கிறான். தமக்குரிய மரபுப்படி கடமையைச் செய்ததில் தீங்கு ஏதும் இல்லை என்று பரஞ்சோதியார் விடையளிக்கிறார். அதன்பின் அரசன் பெருஞ்செல்வம் அளித்து அவரை விடுவிக்கிறான். செய்தது முழுமையாக ஏற்கப்பட்ட பிறகே அவர் அதை விட்டுவிட்டுத் திருச்செங்காட்டங்குடிக்குச் சென்று தொண்டராகிறார். தமக்குரியது என்று நிலைநாட்டப்பட்ட ஒன்றைத்தான் ஒருவர் துறக்க முடியும். பறிக்கப்பட்டதையோ மறைக்கப்பட்டதையோ துறவு என்று அழைப்பது, இழந்தவனுக்குத் துறவியின் ஆடையைப் பலவந்தமாக உடுத்துவதாகும். இராமாநுசர் கூறிய மூவகைத் தியாகமும் வினையாளன் தன் உள்ளத்தில் செய்யவேண்டியவை. அவன் சார்பில் ஆவண அலுவலகம் அவற்றைச் செய்துமுடிக்க எந்தச் சாத்திரமும் இடம் தரவில்லை.

கடல் கடந்த பணியின் பதிவு காஞ்சிக்குப் புதிதல்ல. இலங்கை இளவரசன் மானவர்மன் பல்லவ அவையில் அடைக்கலம் புகுந்து, நரசிம்மவர்மனுக்காகப் போரிட்டு, அவன் தந்த படையோடு சென்று அரியணையைப் பெற்றதைச் சூளவம்சம் என்னும் இலங்கை வரலாற்று நூல் விவரிக்கிறது. அரசர் இருவரின் பெயரும் அதில் நிலைத்தன. கப்பலேறியவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை அதே தீவில் பணியாற்றி ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்தது. 1990 மார்ச்சில் எஞ்சிய படை திரும்பியபோது தமிழக முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. ஈழத்தமிழர் அப்படையின் கையில் அடைந்த துன்பங்களை நினைப்போருக்கு அதற்கான காரணம் விளங்கும். இங்கே ஏட்டைத் திருத்தும் கடமை கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. போர் அறமானதா என்ற தீர்ப்பைப் பதக்கப் பட்டை தாங்கி நிற்பதாகக் கருதினால், அந்தப் போரை ஏற்காதவர்கள் பதிவையே எதிர்ப்பார்கள். சித்திரகுப்தனின் ஏடு அவ்வாறு பிரித்து எழுதப்படுவதன்று. நல்வினையும் தீவினையும் ஒரே ஏட்டில், ஒரே எழுத்தாணியால் ஏறுகின்றன. அங்கே இருந்தேன் என்பதை எழுதச் சொல்லும் வீரன், அங்கே நிகழ்ந்த அனைத்துக்கும் சாட்சியாக நிற்கவும் உடன்படுகிறான். பதிவை மறுக்கும் அரசு பெருமையோடு பொறுப்பையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

ஏடே அழிந்துபோகும் நிலையும் உண்டு. 1940இல் லண்டனில் விழுந்த குண்டுகளால் முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரித்தானிய வீரர்களின் பதிவேடுகளில் பெரும்பகுதி எரிந்தது. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மூண்ட தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான படையாளர் கோப்புகள் அழிந்தன. தீயினால் நேர்ந்தவை இவை. ஈராக்கின் பஸ்ராவிலுள்ள போர் நினைவுச்சின்னத்தில் பிரித்தானியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டு, இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலோர் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டது மனிதர் எடுத்த முடிவு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, பெயர் குறிக்கப்படாமலோ முற்றிலும் நினைவுகூரப்படாமலோ விடப்பட்ட ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் குறைந்தது 1,16,000 பேர் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

திருத்தம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் காஞ்சி வட்டாரத்துக் கற்களே கற்பிக்கின்றன. உத்திரமேரூர்ச் சபை 919இல் வகுத்த தேர்தல் விதிகள் நிறைவளிக்காததால் 921இல் மேலும் விரிவான விதிகளை வகுத்தது. ஆனால் பழைய கல்வெட்டைக் கொத்தி நீக்காமல் இரண்டையும் ஒரே கோயிலில் நிற்கவிட்டது. கைலாசநாதர் கோயிலில், காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் கோயிற் செல்வத்தைக் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு, பகைவனின் எழுத்தாக இருந்தும், ஊர் பல்லவர் கைக்கு மீண்ட பிறகும் சிதைக்கப்படவில்லை. படை ஆவணத்திலும் முறை இதுவே: பழைய பதிவு அழிக்கப்படாமல், புதிய ஆணையோ திருத்தப்பட்ட ஓய்வூதிய ஆணையோ அதன்மேல் சேர்க்கப்படுகிறது. பிழையும் பிழை திருத்தப்பட்டதும் ஒருங்கே நிற்கும் ஏடுதான் நம்பத்தக்க ஏடு.

இறந்தவர்களுக்காக மனைவியரும் பிள்ளைகளும் மனுச் செய்யும்போது பற்று என்ற குற்றச்சாட்டே எழ இடமில்லை, ஏனெனில் இறந்தவர் இனிப் பயனை விரும்பவும் இயலாது, துறக்கவும் இயலாது. நீர்க்கடன் செய்யும்போது தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரும் பிழையின்றிச் சொல்லப்பட வேண்டும் என்று மரபு வலியுறுத்துவதால், முன்னோரின் பெயரைச் சரியாக நிலைநிறுத்துவதும் பிதிர்க்கடனின் பகுதி என்றே கொள்ளலாம். தீர்ப்பாயத்தை அணுகச் சட்டம் ஆறு மாதக் கெடு விதித்து, தக்க காரணம் இருப்பின் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் அளித்துள்ளது. அந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துவதே அறத்துக்கு ஏற்றது. காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், மரபுச் செய்தியின்படி, சோழ அரசின் அமைச்சராகப் பணியாற்றியவர்; பல்லவரின் செப்பேட்டில் இடம்பெறாத படைத்தலைவர் ஒருவரின் வாதாபிப் பணியை, அந்தப் போர் முடிந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் சென்றபின், எவரும் மனுச் செய்யாமலே எழுதிச் சேர்த்தார்.