குரு வேண்டாத குரல்

பனாமாவின் மழைக்காட்டுக் குட்டைகளில் வாழும் துங்காரா என்னும் சிறு தவளை, தந்தை தன் பின்னங்கால்களால் கடைந்து வைத்த நுரைக்கூட்டில் முட்டையாய்க் கிடந்து, பெற்றோரின் பராமரிப்பு ஏதுமின்றித் தலைப்பிரட்டையாக நீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் தன் குலத்துக்குரிய நீண்ட கூவலையும், அதன் முடிவில் “சக்” என்று ஒட்டிவரும் ஓசையையும் ஒருவரிடமும் பயிலாமலே எழுப்பிவிடுகிறது. அந்தச் “சக்” ஓசை பெண் தவளையைக் கவர்வது போலவே, தவளை தின்னும் வௌவாலையும் அழைத்து வருகிறது என்று மைக்கேல் ரயன் முதலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிராணாபத்து இத்தனை அருகில் இருந்தும், கற்பிப்பார் இல்லை என்ற காரணத்தால் மட்டும் அக்குரல் ஒருநாளும் அற்றுப்போவதில்லை.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸ் காடுகளில் பாடும் ரீஜன்ட் தேனுண்ணியின் விதி வேறு. கூட்டை விட்டு வெளியேறிய இளம் ஆண் பறவை, மூத்த ஆண்களின் சந்நிதியில் கேட்டுக் கேட்டே தன் பாட்டைப் பெற வேண்டும். காடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டு, எஞ்சியவை சில நூறு பறவைகளே என்றாகிவிட்டபடியால், இளையவற்றுக்கு மூத்தோரின் குரல் எட்டுவதே அரிதாயிற்று. ஆண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு தம் பாட்டை அறியாமல், அயல் இனங்களின் பாட்டைப் பாடித் திரிந்தன என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. இதைப் படித்தபோது என் மனம் மிகவும் கலங்கியது.

மனித வாழ்வில் பசியும் அச்சமும் அழுகையும் துங்காராவின் குரலைப் போலப் பிறவியோடு வருபவை. அவற்றைக் குறித்து யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மொழியின் நயம், கைத்தொழிலின் நுட்பம், அநியாயத்துக்குக் கூசும் மனம் ஆகியவையோ ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்தாலன்றி வாரா. இவற்றை அழிக்கப் பகைவர் படையெடுத்து வர வேண்டுவதில்லை, மூத்தோரும் இளையோரும் ஒரே ஒரு தலைமுறைக்காலம் ஒருவரை ஒருவர் சந்திக்காமல் இருந்தாலே போதும். ஆயினும், பிறரை நம்பியிருக்கும் இந்த நிலையை நான் குறையென்று கருதமாட்டேன். நமக்கு உயர்ந்தவை என்று சொல்லத்தக்க யாவும் இவ்வழியாகவே வந்திருக்கின்றன.

சிட்னியின் டரோங்கா உயிரியல் பூங்காவில் வளர்ந்த தேனுண்ணிக் குஞ்சுகளுக்கு முதலில் ஒலிப்பதிவைக் கொண்டு பாட்டுக் கற்பிக்க முயன்றார்கள். அதனால் பெரும்பயன் விளையவில்லை. பிறகு காட்டில் பிறந்த ஆண் பறவைகளையே ஆசான்களாக வைத்து, ஒவ்வோர் ஆசானிடமும் சில குஞ்சுகளை மட்டும் விட்டபோது, அவற்றுள் பல தம் குலத்தின் பாட்டைக் கற்றுக்கொண்டன.